கால்நடை மருத்துவத் தொழிலில் ஆசான்மையும் தலைமையும்: கோம்பை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கால்நடை மருத்துவம் பட்டப்படிப்பின் வழிப் பெறப்படும் தொழில். ஆயினும் அதன் இன்றியமையாத பகுதிகள் நூலால் அன்றி உடனிருப்பினாலேயே கைமாறுகின்றன. பட்டம் பெற்ற இளைய மருத்துவர் ஊரக மருந்தகம் ஒன்றில் பொறுப்பேற்கும் முதல் நாளிலேயே தலைமையும் அவரிடம் வந்துசேர்கிறது. கற்றலோ அப்போது முடிந்திருப்பதில்லை. இம்முரணைத் தேனி மாவட்டம் கோம்பை வட்டாரத்தின் கால்நடைச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. கற்கும் நிலையைக் கைவிடாத தலைமையே இத்தொழிலுக்கு ஏற்ற தலைமை என்பதும், அதற்கு மூத்த மருத்துவர், மருந்தகப் பணியாளர், கால்நடை வளர்ப்போர் என மூவகை ஆசான்கள் தேவை என்பதும் இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கால்நடை மருத்துவம், ஆசான்மை, தலைமை, கோம்பை, மலைமாடு, கோம்பை நாய், கீதாரி, நன்னூல்

முன்னுரை

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் கோம்பை. மலை சூழ்ந்த மடக்கு நிலத்தைச் சுட்டும் இடப்பெயர்க் கூறாகக் 'கோம்பை' என்னும் சொல் தமிழகத்தின் மேற்குப் பகுதிகளில் வழங்குகிறது. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர் இப்பள்ளத்தாக்கை நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் நிலமாக்கியது. வயல் ஒருபுறமும் மலைக்காடு மறுபுறமுமாக அமைந்த இந்நிலத்தில் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் கலப்பினக் கறவைப் பசு, மலையேறி மேயும் மலைமாடு, வெள்ளாடு, செம்மறி, கோழி ஆகியவற்றோடு ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கோம்பை நாயும் வளர்க்கப்படுகிறது.

இத்தகைய ஊரில் பணியாற்றும் கால்நடை மருத்துவர் ஒரே காலைப்பொழுதில் பல உயிரினங்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டியவர். மனித மருத்துவத்தில் பல துறை வல்லுநர் பகிர்ந்துகொள்ளும் பணிகளை இங்கு ஒருவரே ஏற்கிறார். நோயுற்ற உயிர் தன் துன்பத்தைச் சொல்வதில்லை. சொல்பவர் அதன் உரிமையாளர். ஒரு பசுவின் இறப்பு ஒரு குடும்பத்தின் வருவாய் இழப்பாகவும் அமைகிறது. ஆகவே இத்தொழிலில் இளையவர் எவரிடம் கற்கிறார், எவரை எவ்வாறு நடத்துகிறார் என்பவை மருத்துவரின் தனிப்பட்ட முன்னேற்றத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. ஊரின் வாழ்வாதாரத்தோடு பிணைந்தவை. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசான்மையும் தலைமையும்: தமிழ் மரபில்

ஆசிரியர் மாணாக்கர் உறவை வரையறுத்த தமிழ் நூல்களுள் பவணந்தி முனிவரின் நன்னூல் குறிப்பிடத்தக்கது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்விலக்கண நூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. ஆசிரியராகத் தகாதவருக்குக் கூறப்பட்ட உவமைகளுள் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையை நெருங்கிக் காய் பறித்தல் அரிது. அது தானே உதிர்த்தாலன்றி எவரும் பயன்பெற இயலாது. அறிவிருந்தும் அணுகவொண்ணாத மூத்தவரின் இயல்பு இவ்வுவமையில் அடங்கிவிடுகிறது.

மாணாக்கரைத் தரம் பிரிக்கும் இடத்தில் அந்நூல் அன்னத்தையும் பசுவையும் முதல் வரிசையில் வைக்கிறது. கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசுவின் இயல்பு. பகலில் கண்ட நோயை மாலையில் மீண்டும் எண்ணிப் பார்க்கும் மருத்துவருக்கு இதனினும் பொருத்தமான உவமை அரிது. ஒரு நோய்நிகழ்வு பட்டறிவாக மாறுவது அதனைக் கண்ட பொழுதில் அன்று, அசைபோட்ட பொழுதிலேயே. அவ்வாறு அசைபோட உடனிருந்து வினா எழுப்புபவரே ஆசான்.

தலைமைக்கும் கால்நடை வாழ்வுக்குள்ளேயே ஒரு சொல் உண்டு. தென்மாவட்டங்களில் கிடை மாடு, கிடை ஆடு ஆகியவற்றை ஓட்டிச் செல்லும் குழுவின் தலைவர் 'கீதாரி' எனப்படுகிறார். எந்த வழியில் செல்வது, எவர் நிலத்தில் கிடை போடுவது, எந்த நீர்நிலையைத் தவிர்ப்பது என முடிவெடுப்பவர் அவர். இளையோர் அவருடன் நடந்தே தொழிலைக் கற்கின்றனர். கீதாரியின் தலைமை ஆணையிடும் உரிமையால் மட்டும் அமைவதன்று. மந்தைக்கு நேரும் இழப்புக்கு முதலில் விடை சொல்ல வேண்டியவரும் அவரே. கற்பித்தலும் பொறுப்பேற்றலும் ஒருவரிடத்தே ஒன்றியிருக்கும் இம்மரபு, கால்நடை மருத்துவத் தொழிலில் தலைமை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.

கல்வி அமைப்பின் வளர்ச்சி

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிளாடு பூர்சலா என்பவரால் தொடங்கப்பெற்றது. அதற்கான அரசு ஒப்புதல் 1761இல் கிடைத்தது. அதுவரை ஐரோப்பாவில் விலங்கு மருத்துவம் பெரும்பாலும் குதிரைக்கு இலாடம் கட்டுவோரின் கைத்தொழிலாக, தொழிலாளியிடம் எடுபிடியாக இருந்து கற்கப்படுவதாக இருந்தது. பள்ளி வந்ததும் அறிவு வகுப்பறைக்குள் ஒழுங்குபெற்றது. ஆனால் பட்டறையில் மூத்தவர் அருகில் ஆண்டுக்கணக்கில் நின்று கற்கும் வழக்கம் குறுகியது. இத்தொழிற்கல்வி இன்றளவும் எதிர்கொள்ளும் சிக்கலின் தொடக்கம் இதுவே எனலாம்.

தமிழகத்தில் 1903ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 1930களில் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து பட்டம் வழங்கும் நிலையை அது எய்தியது. தடுப்பூசி உற்பத்திக்கான நிறுவனம் 1932இல் இராணிப்பேட்டையில் அமைந்தது. இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராக அறியப்படும் சக்குபாய் இராமச்சந்திரன் 1952இல் சென்னைக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனித்து உருவாயிற்று. 2020இல் தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றமையால் கம்பம் பள்ளத்தாக்கின் கால்நடைகளும் அவற்றை வளர்ப்போரும் கல்லூரியின் அண்மையராயினர்.

இந்தியக் கால்நடை மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுக் காலத்தது. அதில் இறுதி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சிக்குரியது. முந்தைய பாடத்திட்டத்தில் ஆறு மாதமாக இருந்த பயிற்சி ஓராண்டாக நீட்டிக்கப்பட்டமை, உடனிருந்து கற்றலின் தேவையைக் கல்வி அமைப்பே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும். எனினும் பயிற்சிக் காலத்தில் முடிவெடுப்பவர் மற்றொருவர். பயிற்சி முடிந்த மறுநாள் முடிவெடுப்பவர் பட்டதாரியே. இவ்விரு நாள்களுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்க உதவுவதே ஆசான்மையின் பணி.

நூலால் கைமாறாத அறிவு

உடனிருப்பால் மட்டுமே பெறத்தக்க அறிவு எது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, சினை ஆய்வு. மருத்துவர் பசுவின் மலக்குடல் வழியாகக் கையைச் செலுத்தி, குடற்சுவருக்கு அப்பால் உள்ள கருப்பையையும் சூலகத்தையும் தொட்டறிகிறார். தொடக்கச் சினையில் கருப்பைக் கொம்பின் பருமனில் தோன்றும் சிறு வேறுபாட்டை விரலே உணர வேண்டும். மாணவரின் விரல் எதனைத் தொடுகிறது என்பதை ஆசிரியரால் காண முடியாமையே இங்குள்ள இடர்ப்பாடு. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் சாரா பெய்லி, தொடு உணர்வைக் கணினி வழி உருவாக்கும் செயற்கைப் பசு மாதிரியை 2000களில் வடிவமைத்தது இவ்விடர்ப்பாட்டைக் களைவதற்கே ஆகும். மாணவரின் கை செல்லும் இடத்தைத் திரையில் கண்டு ஆசிரியர் திருத்த அது வழிசெய்தது. அத்தகைய கருவி இல்லாத தொழுவத்தில் ஆசான் வினாக்களால் அதனை ஈடுசெய்கிறார். தான் ஒருமுறை தொட்டறிந்து, பின்னர் மாணவரைத் தொடச் செய்து, 'எலும்பின் விளிம்பு தட்டுப்படுகிறதா? அதற்கு முன்பக்கம் என்ன இருக்கிறது?' எனப் படிப்படியாகக் கேட்பவரிடமே இக்கலை கைவருகிறது.

இரண்டாவது, வெறிநோய். வெறிநோய் கண்ட மாடு எப்போதும் முட்டித் தாக்குவதில்லை. வாயில் எச்சில் வழிய, தீனியை விழுங்க இயலாமல் நிற்கும். தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாகக் கருதிய உரிமையாளர் மருத்துவரை அழைப்பார். ஆர்வமிக்க இளையவர் உடனே வாய்க்குள் கையை விட்டுத் தேடினால், நோயுற்ற விலங்கின் எச்சில் அவர் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் தொற்றை ஏற்படுத்தக்கூடும். நோய்க்குறிகள் தோன்றிய பின் வெறிநோய் ஏறத்தாழ எப்போதும் இறப்பில் முடிவது. எச்சில் வழியும் மாட்டைக் கண்டதும் முதலில் சில அடிகள் விலகி நின்று பார்த்தல், அண்மையில் நாய் கடித்ததா என்று கேட்டல், கையுறையின்றித் தொடாதிருத்தல் ஆகியவை பாடநூலிலும் உள்ளவையே. ஆனால் பதறி நிற்கும் உரிமையாளரின் முன் அவ்வாறு விலகி நிற்கும் துணிவு, மூத்தவர் ஒருவர் அவ்வாறு நின்றதைக் கண்டவருக்கே எளிதில் வாய்க்கும்.

மூன்றாவது, அடைப்பான் நோய். நன்றாக இருந்த மாடு திடீரென இறந்து, மூக்கு, ஆசனவாய் போன்ற துளைகள் வழியாக உறையாத கருங்குருதி வடிந்திருக்குமாயின் அடைப்பானை ஐயுற வேண்டும். இறப்பின் காரணத்தை அறிய உடலை அறுத்துப் பார்ப்பது மருத்துவரின் பயிற்சி; இங்கோ அறுக்காமலிருப்பதே மருத்துவம். உடல் திறக்கப்பட்டுக் காற்றுப் படும்போது நோய்க்கிருமி வித்துருவாக மாறுகிறது. அவ்வித்துக்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்புடன் தங்கக்கூடியவை. உரிய காப்புடன் காது நாளத்திலிருந்து ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வுக்கு அனுப்புவதோடு நிறுத்தி, உடலை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ செய்ய வேண்டும். செய்யத் தெரிந்ததைச் செய்யாமல் விடும் கட்டுப்பாடும் ஆசானிடமிருந்து பெறவேண்டிய அறிவே என்பதை இந்நோய் உணர்த்துகிறது.

மருந்தகத்தில் தலைமை

தமிழ்நாட்டின் கால்நடை பராமரிப்புத் துறையில் ஊரக அளவில் கால்நடை மருந்தகம் கால்நடை உதவி மருத்துவரின் பொறுப்பில் இயங்குகிறது. கால்நடை ஆய்வாளர், கால்நடை பராமரிப்பு உதவியாளர் ஆகியோர் அவருடன் பணியாற்றுவோர். மேல்நிலையில் உதவி இயக்குநரும் மண்டல இணை இயக்குநரும் உள்ளனர். பட்டம் பெற்றுப் பணியேற்கும் இருபத்தைந்து வயது மருத்துவர், இருபது ஆண்டுகளாக அதே ஊரில் பணியாற்றும் உதவியாளருக்குத் தலைவராகிறார். எந்தத் தெருவில் எந்தப் பசு உதைக்கும், எந்த வீட்டில் பணம் இல்லாமையால் மருத்துவம் தள்ளிப்போடப்படும், எவர் சொன்னால் ஊர் கேட்கும் என்பவற்றை அறிந்தவர் உதவியாளரே. பதவியில் மேலவர் பட்டறிவில் கீழவராக இருக்கும் இந்நிலையே ஊரக மருந்தகத் தலைமையின் தனித்தன்மை.

இந்நிலையில் இளையவர் இரு பிழைகளுள் ஒன்றில் விழக்கூடும். தம் அறியாமையை மறைக்கக் கடுமை காட்டுதல் ஒன்று. அனைத்தையும் பணியாளரிடமே விட்டுவிடுதல் மற்றொன்று. முன்னதில் கற்றல் நின்றுபோகிறது. பின்னதில் பொறுப்பு நழுவுகிறது. ஊரையும் விலங்கைக் கையாளும் முறையையும் உதவியாளரிடம் கற்றுக்கொண்டு, நோயறிதல், மருந்து, அளவு ஆகியவற்றிற்கான விடைமொழியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி. அவ்வாறு கற்பவர் பணியாளருக்குக் கற்பிக்கவும் தகுதி பெறுகிறார். மாட்டின் மூக்கைப் பிடிப்பவரும் நாயின் வாயைக் கட்டுபவரும் உதவியாளர் என்பதால், மருத்துவரைப் போலவே அவருக்கும் வெறிநோய் முன்காப்புத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என உறுதிசெய்வது தலைமையின் முதற்கடமை. தன் குழுவில் மிகுந்த இடருக்கு ஆளாகுபவர் எவர் என்று முதலில் எண்ணுவதே கீதாரி மரபு கற்பிக்கும் தலைமையாகும்.

யானை மருத்துவரின் முன்மாதிரி

கற்றலையும் தலைமையையும் ஒன்றிணைத்தவருக்குத் தமிழகம் அறிந்த சான்று மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி (1929–2002). தமிழ்நாடு வனத்துறையில் பணியாற்றி, முதுமலை உள்ளிட்ட முகாம்களின் யானைகளுக்கு நெடுங்காலம் மருத்துவம் பார்த்த இவர், ஜெயமோகனின் 'யானை டாக்டர்' என்னும் கதையின் வழி இன்றைய வாசகரிடையே பரவலாக அறியப்படுகிறார். அவர் பணியாற்றிய காலத்தில் யானை மருத்துவத்துக்கென விரிந்த பாடநூல் மரபு இந்தியக் கல்லூரிகளில் இல்லை. அந்நிலையில் அவர் இரு வாயில்களைப் பயன்படுத்தினார்.

ஒன்று, பாகர்களின் அறிவு. முகாம்களில் யானையோடு நாள்முழுதும் வாழும் பழங்குடிப் பாகர்களும் காவடிகளும் ஒவ்வொரு யானையின் உணவு, நடை, சினம் ஆகியவற்றை அறிந்தவர்கள். அவர்களின் கண்டறிதலை மருத்துவக் கண்டறிதலின் பகுதியாக அவர் ஏற்றார். மற்றொன்று, உடற்கூறாய்வு. காட்டில் இறந்து கிடந்த யானைகளை, அழுகிய நிலையிலும், அறுத்தாய்ந்து இறப்பின் காரணத்தைப் பதிவுசெய்யும் வழக்கத்தை அவர் நிலைநிறுத்தினார். தந்தத்துக்காகச் சுடப்பட்ட யானை எது, நோயால் இறந்தது எது என்பதைப் பிரித்தறிய இப்பதிவுகள் உதவின. காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு வேண்டிய சான்று மருத்துவரின் கத்தியிலிருந்து பிறந்தது.

அவரிடம் பயின்ற இளைய மருத்துவர்களும் காட்டுயிர் ஆய்வாளர்களும் பின்னர் அத்துறையில் தொடர்ந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. ஆணை பிறப்பிக்கும் அறையில் அன்றி, பிறர் முகம் திருப்பும் பணியில் முதலில் கைவைத்ததில் அவர் தலைமை வெளிப்பட்டது. தாம் கற்ற வழியைப் பிறர் காணும்படி திறந்துவைத்தமையால் அவர் ஆசானானார். நன்னூல் விலக்கிய மடற்பனைக்கு நேர் எதிரான நிலை இது.

கற்பிப்போராகக் கால்நடை வளர்ப்போர்

வளர்ப்போரிடமிருந்து கற்பது பணிவின் அடையாளம் மட்டுமன்று. அறிவியலுக்கும் அது பயன்பட்டுள்ளது. மாடுகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த வெக்கை நோயை ஒழிக்க இந்தியா 1954 முதல் நாடளாவிய தடுப்பூசித் திட்டத்தை மேற்கொண்டது. இந்தியாவின் இறுதி நோய்த்தாக்கம் 1995இல் தமிழ்நாட்டில் பதிவாயிற்று. 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. இப்பணியின் இறுதிக் கட்டத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் எஞ்சிய நோயிடங்களைக் கண்டறிய மேய்ப்பரின் அறிவே துணைநின்றது. நோயின் குறிகளுக்கு மேய்ப்பர் தம் மொழியில் வழங்கிய பெயர்களையும், அது கடைசியாக எப்போது எவ்வழி வந்தது என்னும் அவர்தம் நினைவையும் மருத்துவர் முறையாகத் தொகுத்தனர். வெப்பம் தாங்கும் தடுப்பூசி உருவான பின், மருத்துவர் செல்லவியலாத இடங்களில் மேய்ப்பர் சமூகத்தினரே பயிற்சி பெற்று ஊசியிட்டனர். விலங்கு நோய்களுள் முற்றிலும் ஒழிக்கப்பட்ட முதல் நோயின் வரலாறு, மருத்துவரும் மேய்ப்பரும் மாறி மாறி ஆசானும் மாணாக்கருமாக இருந்த வரலாறும் ஆகும்.

கோம்பை வட்டாரத்தில் இதற்கு இரு களங்கள் உள்ளன. முதலாவது, மலைமாடு. பாலைவிடச் சாணத்துக்காகவும் கிடைக்காகவும் வளர்க்கப்படும் இம்மாடுகள் மலைச்சரிவில் மேய்ந்து பழகியவை. கம்பத்திலுள்ள நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழுவில் மாட்டுப்பொங்கலன்று மக்கள் திரண்டு வழிபடுவதைக் காண்போர், இப்பள்ளத்தாக்கில் மாடு பொருளியலைக் கடந்த மதிப்புடையது என்பதை உணரலாம். தேனி மாவட்ட மலைப்பகுதிகளையும் உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்கா, காட்டுயிர்ச் சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கெனத் திருத்தியமைத்தது. காட்டுயிர்க்கும் கால்நடைக்கும் இடையே நோய் பரவுதல் மெய்யான இடர். மேய்ச்சல் நிலம் சுருங்குவதால் மேய்ப்பர் வாழ்வு நலிவதும் மெய்யே. இரு தரப்பும் நம்பத்தக்க சான்றுடன் பேசக்கூடியவர் கால்நடை மருத்துவர். மந்தைக்குத் தடுப்பூசி போட்டதன் பதிவையும் நோய்நிலையின் பதிவையும் அவர் வைத்திருந்தால் அவர் சொல் எடுபடும். மந்தை எந்நாளில் எங்கு இறங்கும் என்பதைக் கீதாரியிடம் கேட்டறியாமல் அப்பதிவை உருவாக்க இயலாது.

இரண்டாவது, கோம்பை நாய். செம்பழுப்பு உடலும் கருமுகமும் கொண்டு, காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற இவ்வினத்தை இராசபாளையம், சிப்பிப்பாறை இனங்களுடன் சேர்த்துக் காக்கத் தமிழ்நாடு அரசு 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. நாட்டு நாய்களுக்கு அண்மைக் காலத்தில் பெருகியுள்ள விருப்பம் இனத்திற்கு நன்மையோடு இடரையும் கொணர்கிறது. பெயர்பெற்ற ஒரே ஆண் நாயைப் பலரும் பயன்படுத்தும்போது அடுத்தடுத்த தலைமுறைகளில் உறவுக்குள்ளேயே இணைசேர்க்கை நேர்கிறது. தந்தைக்கும் மகளுக்கும் பிறக்கும் குட்டியின் உட்கலப்புக் கெழு 25 விழுக்காடு; தந்தையோ தாயோ மட்டும் பொதுவாக உள்ள உடன்பிறப்புகளுக்குப் பிறப்பதன் கெழு 12.5 விழுக்காடு. கெழு உயர உயர மறைந்திருக்கும் குறைபாடுகள் வெளிப்படும் வாய்ப்பும் கூடுகிறது.

எந்த நாய் எந்த நாயின் வழிவந்தது என்பது வளர்ப்போரின் நினைவில் உள்ளது. அந்நினைவை வழிமுறைப் பதிவாக்கிக் கெழுவைக் கணக்கிடும் முறை மருத்துவரிடம் உள்ளது. வளர்ப்போரை 'அறியாதவர்' எனத் தள்ளும் மருத்துவர் பதிவின் மூலத்தையே இழக்கிறார். மருத்துவரைத் தவிர்க்கும் வளர்ப்போர் இனத்தின் நலத்தை இழக்கின்றனர். இருவரும் ஒரே குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவதே இவ்வினத்தின் காப்பு.

தனிமையும் முதல் ஆண்டும்

ஆசான்மை இல்லாமையின் இழப்பு அறிவோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பொதுமக்களோடு ஒப்பிடும்போது தற்கொலையால் இறக்கும் விகிதம் ஆண் கால்நடை மருத்துவரிடையே 2.1 மடங்கும் பெண் கால்நடை மருத்துவரிடையே 3.5 மடங்கும் மிகுந்திருந்ததைக் காட்டியது. அந்நாட்டின் தொழிற்சூழல் வேறு. தமிழகத்தின் ஊரகச் சூழல் வேறு. ஆயினும் தனிமை, பணிச்சுமை, உயிரிழப்புக்கான பழி ஆகியவை இத்தொழிலுக்கு எங்கும் பொதுவானவை. நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் அருகில் தனித்து நிற்கும் இளையவருக்கு, தொலைபேசியில் எடுத்துப் பேசும் ஒரு மூத்தவரின் குரல் மருந்துப் பெட்டிக்கு நிகரானது.

இதனை உணர்ந்த பிரித்தானிய அரச கால்நடை மருத்துவர் கல்லூரி, புதிய பட்டதாரிகளுக்கான வளர்ச்சித் திட்டத்தை 2021இல் நடைமுறைப்படுத்தியது. புதியவர் பணியாற்றும் இடத்திலேயே, வழிகாட்டுவதற்கெனப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும், எப்பணியை எந்நிலையில் அவரிடம் தனித்து ஒப்படைக்கலாம் என்பதை இருவரும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. வழிகாட்டுதலை மூத்தவரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் கடமையாக்கியதே அத்திட்டத்தின் சிறப்பாகும்.

மூத்தவர் கற்பிக்கத்தக்கவற்றுள் அரியது தம் பிழையை எடுத்துரைத்தல். தவறான மருந்தளவால் இழந்த விலங்கைப் பற்றி மூத்தவர் வெளிப்படையாகப் பேசும் இடத்தில் இளையவரும் தம் பிழையை மறைக்க மாட்டார். பிழை மறைக்கப்படும் இடத்தில் அது மீண்டும் நிகழும். அதன் விலையைச் செலுத்துவது வாய்பேசா உயிரும் அதனை நம்பிய குடும்பமும் ஆகும்.

முடிவுரை

கால்நடை மருத்துவர் பட்டத்தால் தகுதி பெறுகிறார், தொழுவத்திலேயே மருத்துவராகிறார். சினை ஆய்வு, வெறிநோய், அடைப்பான் ஆகிய எடுத்துக்காட்டுகள் உடனிருப்பின் தேவையை உணர்த்துகின்றன. மருந்தகத்தின் அமைப்பு, கற்கும் நிலையிலுள்ளவரே தலைவராகும் முரணைக் காட்டுகிறது. வி. கிருஷ்ணமூர்த்தியின் பணி அம்முரணைக் கடக்கும் வழியைத் தெரிவிக்கிறது. வெக்கை நோய் ஒழிப்பு, வளர்ப்போரும் ஆசான்களே என்பதை மெய்ப்பிக்கிறது.

இவற்றின் அடிப்படையில் தேனி மாவட்டத்துக்கு மூன்று செயல்கள் பொருந்துவனவாகும். புதிதாகப் பணியேற்கும் மருத்துவர் ஒவ்வொருவருக்கும் முதல் ஓராண்டுக்கு அண்மை ஊரிலுள்ள மூத்த மருத்துவர் ஒருவரை வழிகாட்டியாகப் பெயர் குறித்து அமர்த்துதல் முதலாவது. மாதம் ஒருமுறை மருத்துவரும் ஆய்வாளரும் உதவியாளரும் ஒன்றாக அமர்ந்து, பலன் தந்த மருத்துவத்தோடு தவறிய மருத்துவத்தையும் பழிகூறாமல் ஆராய்தல் இரண்டாவது. மாவட்டத்திலேயே அமைந்த கல்லூரியின் மாணவர்களை மலைமாட்டுக் கிடையிலும் கோம்பை நாய் வளர்ப்போரிடத்தும் சில நாள் தங்கிக் கற்கச் செய்தல் மூன்றாவது. இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மூத்தவரின் நேரமும் இளையவரின் செவியுமே தேவை. அக்கல்லூரியிலிருந்து வெளிவரும் மருத்துவருள் ஒருவர் நாளை கோம்பையின் தொழுவம் ஒன்றில் முதன்முறையாகத் தனித்து நிற்கும்போது, அவருக்குப் பின்னால் எவர் நிற்பார் என்பதை இன்றே முடிவுசெய்ய வேண்டும்.